தோற்றவர் எழுந்திருக்கலாம்

முன்னொரு காலத்தில் வேம்பாற்று நாட்டைப் புயங்கராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். உண்மையில் அவன் ஒரு பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

கப்பலில் வந்த வணிகன் ஒருவன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன ஆட்டம் அது. இரண்டு பேர், ஆளுக்குப் பதினைந்து காய், ஆளுக்கு இரண்டு பகடை. விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்திப் பலகையைச் சுற்றிவந்து, எல்லாக் காயையும் முதலில் வெளியேற்றுகிறவருக்கு வெற்றி. "இதைக் கண்டுபிடித்தது யார்?" என்று அரசன் கேட்டான். "தெரியாது மகாராஜா, எங்கள் பாட்டன் காலத்திலேயே இது பழைய ஆட்டம்" என்றான் வணிகன். அதோடு விட்டிருக்கலாம். விட்டால்தானே!

அவையின் தலைமை வித்துவான் சபாநடேசர் துள்ளி எழுந்தார். "பிரபு! இதைக் கண்டுபிடித்தவர் உங்கள் வம்சத்தின் முதல் அரசர் ஆதிராயர். என் வீட்டில் ஏடு இருக்கிறது. அவர் வகுத்த விதியும் அதில் இருக்கிறது. தோற்றவர்தான் எழுந்திருக்க வேண்டும். வென்றவர் எழுந்திருக்கவே கூடாது, அடுத்த ஆட்டம் ஆட வேண்டும்!"

அந்த ஏட்டை யாரும் பார்த்ததில்லை. அமைச்சர் நல்லாதனாரோடு அரசன் தினமும் உலாவப் போவது வித்துவானுக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அரசனை ஓரிடத்தில் ஒட்டவைக்க அவருக்கு ஒரு வழி கிடைத்தது. அரண்மனைத் தளத்திலேயே பளிங்கில் பலகையைப் பதிக்கச் செய்தார். பகடைகளையும் அவரே கொண்டுவந்து கொடுத்து, அரசனுக்கு எதிரே ஆடவும் உட்கார்ந்தார்.

அன்று உட்கார்ந்த அரசன் ஒன்பது நாளாக எழவில்லை. ஏனென்றால் ஒன்பது நாளும் அவனே வென்றான். சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே, மற்றதற்குத் திரை கட்டினார்கள். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

இதற்கிடையில் பெரிய ஏரியின் மதகைத் திறக்கும் நாள் தாண்டிப்போயிற்று. அந்த நாட்டில் மதகுப் பலகையில் அரசன் கை பட்டால்தான் தண்ணீர் விடுவார்கள். ஏரி தளும்பி நின்றது, வயலில் நாற்று கருகிக்கொண்டிருந்தது.

உழவர்கள் சார்பில் பேச்சாயி என்ற பெண் கருகிய நாற்று முடியோடு அமைச்சரிடம் வந்து நின்றாள். "சாமி, இன்னும் ரெண்டு நாள் போனா தண்ணி விட்டும் புண்ணியமில்ல. ராசா ஒரு எட்டு வந்து கைய வச்சிட்டுப் போனா என்ன கொறஞ்சி போவுது?"

நல்லாதனார் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, நானும் ஒன்பது நாளாக அதைத்தான் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு என் தொண்டைதான் வற்றிப்போயிற்று. வா, இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம்."

இருவரும் அவைக்குள் நுழைந்தபோது அரசன் அறுபத்து மூன்றாவது முறையாக வென்றிருந்தான்.

"மதகா? நான் வென்றுவிட்டேனே அமைச்சரே, எப்படி எழுவது? ஆதிராயர் விதி!" என்றான்.

"சரி மகாராஜா. வித்துவானிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்" என்றார் அமைச்சர். "ஆதிராயர் முதல் ஆட்டத்தை யாரோடு ஆடினார்?"

"என் மூதாதையரோடு" என்றார் வித்துவான், மார்பை நிமிர்த்தி.

"வென்றது யார்?"

"இதென்ன கேள்வி? ஆதிராயர்தான்!"

"அடுத்த ஆட்டம்?"

"அவர்தான். வாழ்நாளில் அவர் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை!"

"அப்படியானால் அவர் பலகையை விட்டு எழுந்ததே இல்லை" என்றார் அமைச்சர். "எழாதவர் எப்போது கல்யாண மேடை ஏறினார்? எப்போது பிள்ளை பெற்றார்? மகாராஜா, வித்துவான் சொல்வது உண்மையானால் உங்கள் வம்சமே இல்லை. நீங்களும் இல்லை."

அரசன் தன் கையைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நான் இருக்கிறேனே!"

"அப்படியென்றால் ஆதிராயர் ஒரு நாளாவது தோற்று எழுந்திருக்கிறார்."

"அடடா! அப்படியானால் நானும் தோற்க வேண்டியதுதானே முறை?" என்றான் அரசன் உற்சாகமாக. "போடுங்கள் ஆட்டத்தை!"

தோற்பது அவ்வளவு லேசா என்ன? அரசன் பகடையை உருட்டினான். ஆறும் ஆறும். இடது கையால் உருட்டினான். ஆறும் ஆறும். கண்ணை மூடி முதுகுக்குப் பின்னால் வீசினான். பேச்சாயி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "நாசமாப் போக, இதுவும் ஆறுதான்!" என்றாள். வேண்டுமென்றே தப்பும் தவறுமாகக் காய் நகர்த்தியும் அறுபத்து நான்காவது ஆட்டத்தையும் அவனே வென்றான். வித்துவானின் நெற்றி வேர்த்தது.

அரசனின் முகம் சிறுத்துப்போனது. பகடையை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தான். ஒரு பக்கம் கனத்தது.

"அப்படியென்றால் இந்த ஒன்பது நாளும் நான் ஆடவே இல்லையா?" என்றான் மெதுவாக.

"எதிரே ஒருவர் உண்மையாக ஆடினால்தானே மகாராஜா இது ஆட்டம்?" என்றார் நல்லாதனார்.

அரசன் தன் பகடைகளை வித்துவான் முன் தள்ளினான், அவருடையதைத் தான் எடுத்துக்கொண்டான். "உருட்டும்!"

வித்துவான் உருட்டினார். ஆறும் ஆறும். தோற்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பகடை விடவில்லை. ஒரு நாழிகையில் வித்துவான் வென்றார், அரசன் தோற்றான்.

ஒன்பது நாள் மடக்கிய காலை நீட்டி, தூணைப் பிடித்து எழுந்தான் புயங்கராயன். "தோற்றது எவ்வளவு சுகம்! பேச்சாயி, ஏரிக்கு வழி காட்டு." வித்துவானும் மெல்ல எழப் பார்த்தார். அரசன் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தான். "நீர் எங்கே எழுகிறீர்? வென்றவர் நீர். அதே பகடையோடு உட்கார்ந்து ஆடும். யாரிடமாவது தோற்றபின் எழுந்திருக்கலாம்."

மதகு திறந்தது. தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக ஓடியது. ஊரே வயலில் இறங்கிற்று. வித்துவான் மட்டும் பலகை முன்னால் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பேச்சாயி, ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போயேன்!"

"எனக்கு நடவு கெடக்கு சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள் பேச்சாயி.