பத்துச் சீட்டு, ஒன்பது கேள்வி

கடலோர ஊர் ஒன்றில், பெண்கள் மட்டும் கூடி ஓதும் தைக்காவில், இருபத்து மூன்று பேருக்கு மார்க்கம் சொல்லிக்கொடுத்து வந்தாள் சுலைகா நாச்சி. ஊர்ப் பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்த முபாரக் ஹஜ்ரத்துக்கு அது பொறுக்கவில்லை.

"நான் பத்துக் கேள்வி எழுதுறேன், நீயும் பத்து எழுது. குறைவாப் பதில் சொன்னவங்க இனி இங்க ஓதிக்கொடுக்கக் கூடாது" என்றார்.

நடுவில் திரை கட்டினார்கள். சீட்டுகள் போய் வந்தன. சுலைகா எட்டுக்குப் பதில் சொன்னாள். இரண்டுக்கு, "தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்றாள். ஹஜ்ரத்தோ சீட்டைப் பிரித்த கையோடு பத்துக்கும் பதில் சொல்லி முடித்தார்.

"தோத்துட்டியேம்மா" என்றார், தாடியைத் தடவிக்கொண்டு.

"சீட்டுதான் பத்து ஹஜ்ரத், கேள்வி ஒன்பது. மூணாவது சீட்டையே ஒன்பதாவதாவும் எழுதினேன். பயணத்துல தவறின லுஹரை, அந்த மதியத் தொழுகைய, வீட்டுக்கு வந்து எத்தனை ரக்அத் தொழணும்? முதல்ல ரெண்டுன்னீங்க, அப்புறம் நாலுன்னீங்க. நாங்க எதைத் தொழ?"

"பாதிப் பேரு ரெண்டு, பாதிப் பேரு நாலு தொழுவோம் லாத்தா" என்றது திரைக்குப் பின்னால் ஒரு குரல். "மிஞ்சுற ஒருத்தி மூணு தொழட்டும்."

ஹஜ்ரத் இரண்டு சீட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உறுதியாத் தெரியலம்மா. கிதாபைப் பார்த்துச் சொல்றேன்" என்றார்.

"இப்ப உங்ககிட்டயும் நம்பி ஓதலாம் ஹஜ்ரத்" என்றாள் சுலைகா. "வியாழக்கிழமை நீங்க வாங்க. மத்த நாளுக்கு நான் இருக்கேன்."