வேதையன் ஊத்துன நல்ல தண்ணி

ஒரு ஊர்ல ஒரு வயலு. வயலுக்கு அந்தாண்ட கடலு. ஒரு புயலுக்குக் கடல் தண்ணி புசுபுசுன்னு உள்ள வந்து, வயலை நக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் எந்த நெல்லை விதைச்சாலும் நுனி கருகிப் படுத்துக்கும். ம் சொல்லு.

வயலுக்குச் சொந்தக்காரன் வேதையன். அவன் பொண்டாட்டி தையலு.

"மாமா, இந்த மழைக்கு மட்டும் விதைப்போம். இதுவும் கருகிச்சுன்னா வயலை இறால் குட்டைக்குக் குடுத்துட்டு எங்கண்ணன் ஊருக்குப் போயிடலாம்"னா தையலு.

அப்போ தையலு என்ன பண்ணினா? அக்கா வீட்டுலேருந்து குண்டு நெல்லு, அண்ணன் வீட்டுலேருந்து வாசனையா வெள்ளை நெல்லு, உப்பளத்தோரம் இருக்குற அத்தை வீட்டுலேருந்து குட்டைச் சிவப்பு நெல்லுன்னு வாங்கியாந்து, எது உப்பைத் தாங்குதுன்னு பாக்க மூணு சட்டியில போட்டா. பச்சுபச்சுன்னு முளைச்சுது.

மொதல்ல தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு கலந்து ஊத்துனா. மூணும் நின்னுச்சு. அப்புறம் ஒரு பிடி உப்பு. குண்டு பொத்துன்னு படுத்துக்கிச்சு. அப்புறம் கடல் தண்ணியவே மொண்டாந்து ஊத்துனா, சளக் சளக்னு. சிவப்புக்கு மூக்கு மட்டும் கருகுச்சு. வெள்ளை தளதளன்னு நின்னுச்சு!

"வெள்ளைதான் மாமா, நாளைக்கே விதைச்சுடுவோம்"னு குதிச்சா தையலு.

மத்தியானம் வேதையன் தட்டுல மீன் கொழம்பு அப்படியே கெடக்கு.

"ஏன், சோறு எறங்கலையா?"

"எறங்கல புள்ள. அந்த வெள்ளை வாடி நின்னுச்சா... பாவமா இருந்துச்சு. நீ மாடு பிடிக்கப் போனப்பல்லாம் ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்திட்டேன்."

தையலு இடுப்புல கைய வச்சா. "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு ஒளிஞ்சு வந்து சோறு ஊட்டுற அப்பன் மாதிரில்ல பண்ணியிருக்க! வயல் பூரா சொம்பைத் தூக்கிட்டு ஓடுவியா?"

திட்டிக்கிட்டே சிரிச்சுட்டா. விதைப்பைத் தள்ளி வச்சு, வெள்ளைக்கும் சிவப்புக்கும் மறுபடி கடல் தண்ணி ஊத்துனா. சொம்பை அவளே இடுக்கிக்கிட்டா. வெள்ளை சொய்ங்குன்னு தலை சாஞ்சுது. சிவப்பு கருகுன மூக்கோட வெறைப்பா நின்னுச்சு.

என்ன? வெள்ளை செத்துப்போச்சான்னா கேக்குற? தையலு சாக விடுவாளா! உசிரு ஒட்டிக்கிட்டிருந்த தூரைப் பிடுங்கி, கொல்லையில பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற எடத்துல நட்டுட்டா. "ஒன் செல்லத்தை நீயே வளத்துக்க"ன்னா.

வயல் பூரா சிவப்பு விதைச்சாங்க. கடல் இன்னொரு தடவை எட்டிப் பாத்துச்சு. சிவப்பு அசையல. வயலும் அவங்ககிட்டயே நின்னுச்சு.

அறுப்பு முடிஞ்ச அன்னைக்கு, கொல்லையில வெளைஞ்ச ஒரு பிடி வெள்ளையக் குத்திப் பாயசம் வச்சா. வேதையன் உறிஞ்சினான், சர்ர்ர்.

"நல்லா இனிக்குது புள்ள."

"இனிக்காதா பின்ன? அது குடிச்சதெல்லாம் நீ ஊத்துன நல்ல தண்ணியாச்சே!"

ம் சத்தத்தைக் காணோமே... சரி. பாயசமும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. தூங்கு என் வெள்ளை நெல்லு.