தாளம் கேட்க வந்த மரநாய்

ஒரு காட்டில், இருட்டிய பிறகு, கோதை என்ற அணிலின் பொந்துக் கதவில் 'சரக்... சரக்...' என்று ஒரு சத்தம் கேட்டது. காற்றா? கிளையா? கோதை தன் குட்டிகளை வாலுக்கு அடியில் இழுத்துக்கொண்டது.

"யாரது?"

"பயப்படாதே தங்கச்சி, வங்கியிலிருந்து வருகிறேன்" என்றது தேன் தடவிய ஒரு குரல். "உன் கொட்டைகளைத் திருடப் பார்க்கிறார்கள்!"

கோதை கதவருகே ஓடி வந்தது. மழைக்காலம் முழுக்கக் குட்டிகளுக்கு அதுதானே சோறு!

குழந்தைகளே, ஒளித்த இடத்தை அணில்கள் மறந்துவிடும் அல்லவா? அதற்காகவே மரங்கொத்தி ஒரு வங்கி நடத்தியது. கொட்டையை ஒளித்தவர் அங்கே போய், எந்த இடம் என்று மரப்பட்டையில் கீறுவார். அதையும் நேராகக் கீறமாட்டார். தமக்கு மட்டும் தெரிந்த ஒரு தாளப்படி கோடுகளை முன்னும் பின்னுமாகக் கலைத்துக் கீறுவார். தாளம் தெரியாதவருக்கு அது வெறும் கிறுக்கல். அவர் கீறி முடிக்கும்வரை மரங்கொத்தி முதுகைத் திருப்பிக்கொள்ளும். பிறகு அந்தக் கிறுக்கலை இன்னொரு பட்டையிலும் அப்படியே கொத்தி, இரண்டையும் பத்திரப்படுத்தும்.

"கதவைத் திற. உன் தாளத்தைத் தட்டிக் காட்டு. விடிவதற்குள் கொட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறேன்" என்றது குரல்.

கோதை தாழ்ப்பாளை நீக்கி, கதவை ஒரு விரற்கடை திறந்தது. வெளியே ஒரு மரநாய். அதன் கையில் கோதையின் பட்டை!

"பார், உன்னுடையதுதானே? இன்னுமா சந்தேகம்?"

தன் கீறல்களைக் கண்டதும் கோதைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வங்கி ஆள்தான்! முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டத் தொடங்கியது.

"தக... தகிட..."

"ம், சீக்கிரம்! பொழுது சாய்ந்ததிலிருந்து உற்று உற்றுப் பார்க்கிறேன், ஒரு கோடுகூட விளங்கவில்லை!"

கோதையின் கால் அந்தரத்தில் நின்றது.

"வங்கிக்கு எதற்கு விளங்க வேண்டும்?"

"என்ன?"

"பட்டையைக் காப்பதுதான் வங்கியின் வேலை, படிப்பதல்ல. மரங்கொத்தி அண்ணன் ஒருநாளும் என் தாளத்தைக் கேட்டதில்லை. நீ யார் கேட்க?"

மரநாய் பல்லைக் கடித்தது. "திமிரா? உன் குட்டிகள் பட்டினியில் கத்தும்போது தெரியும்!"

"அதே கீறலோடு இன்னொரு பட்டை வங்கியில் இருக்கிறது. நீ திருடி வந்தது வெறும் பட்டை. பசித்தால் அதை மென்று தின்னு, போ!"

மரநாய் கதவின்மேல் பாய்ந்தது. அதற்குள் கோதை தன் முழு உடம்பாலும் கதவை அழுத்திச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டது.

நீதி: பூட்டிக் காப்பவர் உன் சாவியைக் கேட்கமாட்டார், கேட்பவர் காப்பவர் அல்லர்.