ஏழு கேள்விகளும் ஒரு வரியும்

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், சேலத்துக் கணினி நிறுவனமொன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்திய சகாயமேரி.

அங்கே மேலாளர் தணிகாசலம், வரிகளை எண்ணித்தான் வேலையை மதிப்பார். பைத்தான் என்னும் கணினிமொழியில் அவர் எழுதிய நிரல் ஒன்று, வந்த மதிப்பு முழு எண்ணா, தசம எண்ணா, எழுத்துச் சரமா என்று ஏழு வகைகளையும் ஏழு வரிகளில் தனித்தனியே சோதித்தது. பயிற்சியாளர் அல்லியரசி அவ்வேழையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்து ஒரே வரியாக்கினாள்.

"ஆறு வரியைத் தொலைத்துவிட்டாய். உன் கணக்கில் ஆறு கழித்தாயிற்று. இனி வேலை நிரந்தரமாகாது" என்றார் மேலாளர்.

மறுநாள் அவர் அடையாள அட்டையை மறந்து வந்தார். அட்டையில்லாமல் வருபவர் யாராயினும் பயிற்சியாளர் விசாரிக்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. வாயிலில் அல்லியரசி, ஏழு பணிவகைகளும் பக்கத்துக்கு ஒன்றாக எழுதிய பதிவேட்டைத் திறந்தாள்.

"ஐயா, தாங்கள் காவலாளியா?"

"இல்லை."

நிதானமாக ஒரு பக்கம் புரட்டினாள். "ஓட்டுநரா?"

"இல்லையம்மா."

"துப்புரவுப் பணியாளரா?"

பின்னால் வரிசை நீண்டது. ஐந்தாம் கேள்வியில் அவர் பொறுமை இழந்தார். "இவர்களில் யாராவது ஒருவரா என்று ஒரே தடவையில் கேட்டால் என்ன?"

"அப்படித்தான் ஐயா எழுதினேன்."

வரிசையில் நின்றவர்கள் தத்தம் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

மாலையில் அவள் வேலை நிரந்தரமாயிற்று. கணக்கில் திரும்பி வந்தவை, சரியாக ஆறு வரிகள்.