எர்த் வேண்டாமென்ற வீடு

“டீச்சர், நியூட்ரலையும் எர்த்தையும் ஒண்ணா முறுக்கி விட்டா என்ன ஆகும்?”

பொன்னுலிங்கம் கேட்டார். ஏதோ பொதுவாக ஒரு சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார்.

ஜெசிந்தா டீச்சர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

“எங்க முறுக்குனிய அண்ணாச்சி?”

“சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.”

“எங்க?”



“சம்பந்தி வீட்டுல” என்றார் பொன்னுலிங்கம்.

தூத்துக்குடியில் வயரிங் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் ஜெசிந்தா டீச்சரைத் தெரியும். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர். அப்புறம் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்களின் வயதை அவர் கேட்பதில்லை. அதனால்தான் பொன்னுலிங்கத்துக்கு அங்கே இடம் கிடைத்தது. சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்து, அது படுத்துப்போய், தலை நரைத்த பிறகு டெஸ்டர் பிடிக்க வந்த மனுஷன். டீச்சரைவிட ரொம்பவே மூத்தவர். அவர் டீச்சர் என்பார், டீச்சர் அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அந்த மரியாதை போதுமானதாக இருந்தது.

“முழுசாச் சொல்லுங்க.”

“சம்பந்தி கரண்டு கார் வாங்கியிருக்காரு டீச்சர். வீட்டுலேயே சார்ஜர் மாட்டணும்னாரு. மாட்டுனேன். சிவப்பு லைட்டு. எர்த் இல்லாம காருக்குக் கரண்ட் விடமாட்டேங்குது.”

“புது வீடுல்லா அது? எர்த் இல்லாமலா இருக்கும்?”

“சம்பந்தியே வேண்டாம்னுட்டாராம்.”

“ஏன்?”

“பழைய வீட்டுல ஃபிரிட்ஜைத் தொட்டா எர்த் அடிக்குமாம். கிரைண்டரைத் தொட்டா எர்த் அடிக்குமாம். அதனால இந்த வீட்டைக் கட்டும்போதே, ‘எனக்கு எர்த்தே வேண்டாம், அடிக்கிற சாமானை எதுக்குவே வீட்டுக்குள்ள விடணும்?’னு சொல்லிட்டாராம்.”

வேறு யாராக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ஆனால் சம்பந்தி பட்டுராஜனை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? நாம் எல்லாருமே அப்படித்தானே பேசுகிறோம். சுருக்கென்று ஷாக் அடித்தால் போதும், ‘எர்த் அடிக்குது’ என்கிறோம். கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கி நம்மைக் காப்பதுதான் எர்த்; அடித்தவனை விட்டுவிட்டுத் தடுக்க வருகிறவன் பெயரைச் சொல்லுகிற பேச்சு அது. இத்தனை வருஷமாக ஒருத்தரும் திருத்தவில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை.

“பாவம் எர்த்து” என்றார்.

பிறகு, “குழி தோண்டி எர்த் போடணும்னு சொன்னியளா?” என்று கேட்டார்.

“எங்க தோண்ட? அந்த வீட்டைச் சுத்தி ஒரு பிடி மண்ணு கிடையாது டீச்சர். போர்டிகோவில இருந்து காம்பவுண்டு வரைக்கும் கிரானைட்டு. புதுசா போட்டது. செருப்போட நடந்தாலே சம்பந்திக்கு முகம் மாறும். அதைப் போயி உடைக்கணும்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

“வாயைத் திறந்து.”

பொன்னுலிங்கத்துக்குக் கோபம் வந்தது. டீச்சரிடம் அவருக்குக் கோபம் வருவது அதுதான் முதல் தடவை.

“உங்களுக்கென்ன டீச்சர், சொல்லிருவிய. ‘வெளி ஆளு எதுக்கு, நம்ம சம்பந்தியே மாட்டிருவாரு’ன்னு நாலு பேரு முன்னால சொன்ன மனுஷன் அவரு. அதே வாயாலதான் நிச்சயத்தன்னைக்கு, ‘நம்ம சம்பந்தி இந்த வயசுலதான் அ ஆ படிக்காரு’ன்னு சொல்லிச் சிரிச்சாரு. இப்ப நான் போயி கல்லை உடைக்கணும்னா என்ன சொல்லுவாரு? வேலை தெரியாதவன்னுவாரு. என்னைச் சொன்னா நான் கேட்டுட்டுப் போயிருவேன். வடிவைல்லா சொல்லுவாரு! ‘உங்க அப்பன்’னு ஒரு நாள் ஆரம்பிச்சா, எம் பிள்ளை அதை எத்தனை நாளைக்குக் கேட்டுக்கிட்டுக் கிடக்கும்?”

வடிவு அவருடைய ஒரே மகள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. ஆகவே மாமனார் மாமியாரோடு அந்த வீட்டில் இருக்கிறவள் அவள்தான்.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

“அதனால?”

“ப்ளக் பாயிண்டுக்குள்ள நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த்துல குடுத்தேன். உடனே பச்சை லைட்டு எரிஞ்சிட்டு. சம்பந்தி என் கையைப் பிடிச்சுக் குலுக்குனாரு டீச்சர்.”

அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

“கரண்ட்டு திரும்பிப் போற அந்த நியூட்ரல் அத்துப்போனா என்ன ஆகும்?”

பொன்னுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம்தான் அது.

“வீட்டுல ஓடுற ஃபேன், ஃபிரிட்ஜு எல்லாத்தோட கரண்ட்டும் அந்தத் துண்டு வயரு வழியா கார் உடம்புக்கு வந்துரும்.”

“காரைத் தொட்ட ஆளு?”

அவர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துத் திரும்பவும் செருகிக்கொண்டார்.

“தெரிஞ்சேதான் செஞ்சிருக்கிய.”

“நல்லா இறுக்கியிருக்கேன் டீச்சர். அது எதுக்கு அத்துப்போவப் போவுது? இப்ப காருக்குப் பூஜை வச்சிருக்காங்க. அது நல்லபடியா முடியட்டும். பெறவு ஆள் இல்லாத நேரமாப் பாத்து நான் ஏதாவது பண்ணிருதேன். அதுவரைக்கும் தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்.”

டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

“ஏறுங்க.”

“நீங்க வந்து அதைப் பிரிச்சு விட்டுருவியளா?”

“முறுக்குனது நீங்க. நான் எதுக்குப் பிரிக்கணும்?”

வழியெல்லாம் டீச்சர் ரோட்டிலேயே கண்ணாக இருந்தார். கடற்காற்று எதிரே வந்து மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த பொன்னுலிங்கம், டீச்சர் திட்டித் தொலைத்தாலாவது பரவாயில்லை என்று நினைத்தார்.

பட்டுராஜன் வாசலுக்கே வந்துவிட்டார். பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ஜோராக இருந்தார்.

“வாங்க டீச்சர், வாங்க! உங்க சீடரு வேலையைப் பாத்தியளா? கம்பெனிக்காரன் வந்திருந்தாக்கூட ஆயிரம் நொள்ளை சொல்லியிருப்பான். நம்ம சம்பந்தி பொசுக்குன்னு முடிச்சுட்டாரு!”

போர்டிகோவில் வெள்ளைக் கார் மாலை போட்டு நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சுவரில் மாட்டிய சார்ஜரிலிருந்து வயர் போய்க் காரில் செருகியிருந்தது. பச்சை விளக்கு சாதுவாக எரிந்துகொண்டிருந்தது.

தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். கறுப்பு கிரானைட் முழுக்க ஈரம்.

சந்தனக் கிண்ணத்தோடு வடிவு உள்ளேயிருந்து வந்தாள். வெறுங்கால்.

பொன்னுலிங்கம் இரண்டு எட்டு முன்னால் வைத்தார்.

“வடிவு, செருப்பைப் போட்டுக்கோம்மா.”

“பூஜைக்கு யாருப்பா செருப்பு போடுவா?” என்று சிரித்தாள் அவள்.

“அப்ப அந்தச் சார்ஜரையாவது கழட்டி வச்சிருவோமா சம்பந்தி? பூஜை முடிஞ்ச பெறவு...”

“நல்லாச் சொன்னிய போங்க! பச்சை லைட்டு எரிய எரிய ஆரத்தி எடுக்கணும். அதை வீடியோ எடுத்துப் பயலுக்கு அனுப்பணும். மருமகளே, நீ பொட்டு வையி.”

டீச்சர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மெயின் போர்டு இதுதானா? ஒரு தடவை பாத்துக்கிடுதேன்.”

“தாராளமாப் பாருங்க” என்றார் பட்டுராஜன்.

போர்டிகோ சுவர் ஓரமாகவே பெட்டி இருந்தது. டீச்சர் அதன் கதவைத் திறந்தார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். திரும்பிப் பொன்னுலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையைப் பெட்டிக்குள் விட்டார்.

முதுகு மறைத்தது. உள்ளே அந்தக் கை என்ன செய்கிறதென்று தெரியவில்லை.

பொன்னுலிங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தப் பெட்டிக்குள் இடது ஓரத்தில் நியூட்ரல் இருக்கிறது. அதை இறுக்கியவர் அவர். ஸ்க்ரூவை இரண்டு திருப்புத் திருப்பினால் கழன்றுவிடும்.

டீச்சர் அப்படிச் செய்கிறவர் இல்லை. நிச்சயமாக இல்லை.

சமையலறையில் மிக்ஸி ஓடியது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது.

வடிவு மோதிர விரலைச் சந்தனத்தில் தொட்டாள். காரின் முன்பக்கமாகக் குனிந்தாள். ஈரத் தரையில் அவளுடைய பாதங்கள் அழுந்தின.

டீச்சரின் முழங்கை அசைந்தது.

“தொடாத!”

அது பொன்னுலிங்கத்தின் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது. அப்படி ஒரு அலறல். கிண்ணம் வடிவின் கையிலிருந்து நழுவி, கிரானைட்டில் விழுந்து, சந்தனம் நாலா பக்கமும் தெறித்தது. விரல் மட்டும் காருக்கு முன்னால் அந்தரத்திலேயே நின்றது.

டக்கென்று ஒரு சத்தம். மிக்ஸி நின்றது. ஃபேன் தளர்ந்தது. பச்சை விளக்கு அணைந்தது.

பொன்னுலிங்கம் ஓடிப்போய் மகளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் பெட்டியிலிருந்து நகர்ந்து நின்றார். ஸ்க்ரூடிரைவர் பெட்டியின் மேலே சும்மா கிடந்தது. டீச்சரின் விரல்கள் மெயின் சுவிட்சின் மேல் இருந்தன.

“நியூட்ரலைக் கழட்டப் போறிய போலிருக்குன்னு நினைச்சேன் டீச்சர்” என்றார் பொன்னுலிங்கம்.

“நான் எதுக்கு அண்ணாச்சி கழட்டணும்?” என்றார் டீச்சர். “நம்ம ஊர் உப்புக் காத்து கழட்டிக்கிடும்.”

பட்டுராஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்ன சம்பந்தி இது? விசேஷ நேரத்துல இப்படியா சத்தம் போடுவாங்க? பச்சை லைட்டுதானே எரிஞ்சுது?”

“அது பொய் லைட்டு சம்பந்தி.”

“என்னது?”

“உங்க வீட்டுல எர்த் இல்ல. இருக்குன்னு நம்ப வச்சு நான்தான் அதை எரிய விட்டேன். ஒரு வயரு அத்துப்போனா காரைத் தொட்ட ஆளு பொழைக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

சொல்லிவிட்டார். இவ்வளவு நாளும் எந்தப் பேச்சுக்குப் பயந்தாரோ, அந்தப் பேச்சுக்காகக் காத்து நின்றார்.

சம்பந்தியம்மாள் ஆரத்தித் தட்டோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பட்டுராஜனின் முகம் சிவந்தது.

“நல்ல ஆளுய்யா நீரு! தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லணும்லா? உம்மை நம்பி நாலு பேருகிட்டப் பீத்திக்கிட்டேனே!”

“இப்ப சொல்லுதேன் சம்பந்தி. குழி தோண்டி எர்த் போடணும். அதுக்குக் கல்லை உடைக்கணும்.”

“எந்தக் கல்லை?” பட்டுராஜனுக்கு மூச்சு வாங்கியது. “இந்தக் கல்லையா? ராஜஸ்தான்ல இருந்து வரவழைச்சுப் போட்டது ஓய் இது! இதுல ஒரு கீறல் விழுந்தாலும் சொல்லிட்டேன், அப்புறம் நீரு யாரோ நாங்க யாரோ. நீரு மக வீடுன்னு இந்தப் படி ஏறக்கூடாது!”

பொன்னுலிங்கம் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டார்.

பொன்னுலிங்கம் மகளைப் பார்த்தார். இந்த ஒரு முகம் வாடக் கூடாது என்றுதானே அந்தத் துண்டு வயரை முறுக்கினார். அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க இப்போது தைரியம் இல்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

வடிவு அப்பாவின் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். விறுவிறு என்று வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டாள்.

போய்விட்டாளே என்றிருந்தது பொன்னுலிங்கத்துக்கு. அழப் போயிருப்பாள் என்று நினைத்தார். மாமனாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். “பாத்தீரா, பிள்ளையை அழ வச்சுட்டீரு” என்றார்.

பின்பக்கம் ஏதோ இரும்பு சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

வடிவு திரும்பி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கொத்தனார்கள் விட்டுப்போன கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அது வந்த வழியெல்லாம் கறுப்பு கிரானைட்டில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்துகொண்டே வந்தது.

மாமனாரைத் தாண்டி வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

“எந்தக் கல்லுப்பா?” என்று கேட்டாள்.