நாலு பானையில் அடங்காத மண்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னர் இருந்தார். அவருக்கு எதைக் கண்டாலும் தரம் பிரித்தாக வேண்டும். அரண்மனைக் காவலர்களின் மீசைகளை ஏழு வகையாகப் பிரித்து, ஏழாம் வகைக்காரர்களைப் பின்வாசல் காவலுக்கு அனுப்பினார். தோட்டத்துக் குயில்களை நன்றாகக் கூவுபவை, கடமைக்குக் கூவுபவை என்று இரண்டாக்கினார். ஒருநாள் மகாராணியாரின் குழம்பையும் தரம் பிரித்தார். அதன்பிறகு மூன்று நாளைக்கு அவருக்கு வெறும் கஞ்சிதான் கிடைத்தது.

மன்னருக்குப் பொழுது போகவில்லை, பாவம், பிரித்துவிட்டுப் போகட்டும் என்று குடிமக்களும் விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு வைகாசி மாதத்தில் அவர் பார்வை மண்ணின் மேல் விழுந்தது. அதுதான் வம்பாகிவிட்டது.

சபையில் நாலு பானைகளை வரிசையாக வைக்கச் சொன்னார். மணலுக்கு ஒன்று, களிமண்ணுக்கு ஒன்று, கரிசலுக்கு ஒன்று, செம்மண்ணுக்கு ஒன்று.

"நம் நாட்டு மண் முழுவதும் இந்த நான்கில் ஒன்றில் சேர வேண்டும்," என்றார். "எதிலும் சேராதது பாழ்மண். பாழ்மண்ணில் குடியிருக்க எவருக்கும் அனுமதி இல்லை."

மண் பார்க்கும் பொறுப்பு பூவராகருக்குப் போனது. நிலம் காணும் அதிகாரியான அவர் வயல் மண்ணில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் விகடகவி சடைமாயன் என்றால் மட்டும் அவருக்கு வேப்பங்காய். வாயைத் தவிர வேறு முதல் இல்லாத ஒருவன் அரசருக்குத் தன்னைவிட இரண்டு முழம் அருகில் உட்காருவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு மாதம் கழித்து, மன்னர் சபையில் மாம்பழம் தின்றுகொண்டிருந்த வேளையில், பூவராகர் கடைசிக் கூடையோடு வந்தார். அது வடக்கே இருந்த மேட்டுப் புல்வெளி மண். அரைத்துக் காயவைத்த மாவு மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

"அரசே, விரலில் தேய்த்தால் நறநறக்கவில்லை. ஆகவே மணல் இல்லை. நனைத்து உருட்டினால் திரிபோல வருகிறது, வளையலாக வளைத்தால் உடைந்துவிடுகிறது. ஆகவே களிமண் இல்லை. கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. இது பாழ்மண். அங்கே உள்ள புல்லைச் செதுக்கிவிட்டுக் குதிரை ஓட்டும் திடலாக்கலாம்."

குதிரைலாயத் தலைவர் பூவராகரின் மைத்துனர் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் உத்தரத்தைப் பார்த்தார்கள்.

அந்த மேட்டில் அறுபது இடையர் குடிகள் இருந்தன. அவர்களுக்குத் தலைவி குருந்தாயி. சேதி கேட்டு ஓடி வந்தவள் ஆட்டுக்கோலோடு வாசலில் நின்றிருந்தாள்.

"மகராசா, ஆடு குட்டியோட நாங்க எங்க போவோம்? எங்க மேட்டுப் புல்லு மாதிரி புல்லு நாலு சீமையில கெடையாது. பாழ்மண்ணுல அப்பிடிப் புல்லு மொளைக்குமா?"

"புல் கூரை மேலும்தான் முளைக்கும்," என்றார் பூவராகர். சபை சிரித்தது.

குருந்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்க வைப்பதே பிழைப்பாகக் கொண்ட சடைமாயனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எழுந்து போய்க் கூடையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"இதை எப்படி எடுத்தீர்கள், ஐயா?"

"எங்கள் முறைப்படிதான். மேலே கிடந்த புல்லையும் வேரும் குப்பையுமான கறுப்பு அழுக்கையும் ஒரு முழத்துக்கு வழித்து எறிந்துவிட்டு, அதன்கீழிருந்த பழுப்பையும் தள்ளிவிட்டு, அடியில் சுத்தமான மண்ணை எடுத்தோம். வயலில் நெல் தாளைக் களைந்துவிட்டு எடுப்பதில்லையா?"

சடைமாயன் கொல்லென்று சிரித்துவிட்டான். "அரசே, அந்த மண்ணை முழுசாகப் பார்த்தால் நீங்களே இதைப் பாழ்மண் என்று சொல்ல மாட்டீர்கள்."

பூவராகர் இந்தத் தருணத்துக்காகத்தான் பல வருடங்களாகக் காத்திருந்தார். "அப்படியானால் முழுசாகவே காட்டட்டும், அரசே. மேலிருந்து அடிவரை, வெட்டாமல், தோண்டாமல், ஒரு புல்வேரும் அசையாமல், அந்த மண் இந்த அரியணைக்கு முன்னால் இருக்க வேண்டும். முடியாவிட்டால் இடையர்களோடு இவரும் நாட்டை விட்டுப் போகட்டும்."

மன்னருக்கு அது மாம்பழத்தைவிட இனித்தது. "நல்ல யோசனை. மூன்று நாள் தந்தோம்."

சடைமாயனோ, "ஓலையில் எழுதித் தாருங்கள், அரசே. கேட்கிற ஆளும் கயிறும் கிடைக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள்," என்றான். மன்னர் அப்படியே எழுதி முத்திரை வைத்தார்.

மேட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் ஒரு விகடம்கூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தான். வெட்டாமல் எப்படி எடுப்பது? எடுக்காமல் எப்படிக் கொண்டுபோவது?

குருந்தாயி அவனை ஓர் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் அறுத்த கரை ஒன்றரை ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. உச்சியில் புல். அதன்கீழே ஒரு முழத்துக்குக் கரிய மண், நூல் நூலாக வேர் ஓடி, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்கடியில் பழுப்பு. அதற்கும் அடியில் வெளுத்த மண், நடுநடுவே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள்.

"இங்க முந்தி ஓடையே கெடையாது, சாமி," என்றாள். "எங்க மாமனாரு காலத்துல ஒரு அதிகாரி பாதை போடுதேன்னு புல்லைச் செதுக்கிட்டுப் போனாரு. நாலே மழை. பாதையெல்லாம் கரைஞ்சு ஓடையாயிட்டு. இந்த மண்ணு மாவு மாதிரி. புல்லு புடிச்சிருக்கவரைக்கும் நிக்கும். புல்லு போச்சுன்னா வெயில்ல பறந்துரும், மழையில ஓடிரும்."

சடைமாயன் கரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மடியிலிருந்த ஓலையை எடுத்து ஒருமுறை படித்தான். இன்னொரு முறையும் படித்தான்.

"ஆத்தா, உங்க அறுபது வீட்டு ஆம்பளைகளும் பாரம் தூக்குவாங்களா?"

"நொண்டிக் கெடாவத் தோள்ல போட்டு மலை ஏறுவாக. ஏன் சாமி?"

மூன்றாம் நாள் காலை மன்னர் குளித்து, பொட்டிட்டு, சபைக்கு வந்தார். உட்காரப் போனவரை மெய்க்காவலன் சட்டென்று தாங்கிப் பிடித்தான். அரியணை இருந்த இடத்தில் நாலு கால் தடமும் கொஞ்சம் தூசியும்தான் இருந்தன. வாயில்காப்போன் சடைமாயன் கொடுத்துவிட்டுப் போன ஓலையை நீட்டினான். கேட்ட ஆளும் கயிறும் தர வேண்டும் என்று முத்திரையோடு எழுதியிருந்ததால், அரண்மனை ஆட்களே முன்னின்று, இடையர்களோடு சேர்ந்து அரியணையைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

மன்னர் பல்லக்கில் ஏறிய வேகத்தில் ஒரு பாதுகை சபையிலேயே தங்கிவிட்டது. பூவராகரோ நாலு பானைகளையும் தம் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே புறப்பட்டார். இன்றோடு சடைமாயன் தொலைந்தான் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

மேட்டுப் புல்வெளியில், ஓடைக்குள் புல் மூடிய ஒரு திட்டின்மேல், கரையைப் பார்த்தபடி அரியணை ஜம்மென்று இருந்தது.

"சடைமாயா, என்ன துணிச்சல் இது?"

"அரசே, மண் அரியணைக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது ஆணை. இருக்கிறது. யாரும் வெட்டவில்லை, தோண்டவில்லை. புல்வேர்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். எது எதைத் தேடிப் போக வேண்டும் என்று ஓலையில் இல்லை. மண்ணை அழைத்துப் பார்த்தேன், வர மறுத்துவிட்டது. அரியணை மறுக்கவில்லை."

மன்னர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கரையின் அடுக்குகள் கண்ணில் பட்டுவிட்டன. தரம் பிரிப்பவருக்கு இதைவிட விருந்து வேறென்ன வேண்டும்? கோபத்தை மறந்து அரியணையில் உட்கார்ந்து, விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார்.

"மேலே கறுப்பு. நடுவில் பழுப்பு. அடியில் வெளுப்பு. பூவராகரே, உம் கூடையில் இருந்தது இந்த அடிமண் அல்லவா?"

"அதுதான் உண்மையான மண், அரசே. மேலே இருப்பது வெறும் புல்லழுக்கு," என்றார் பூவராகர். புல்லில் உண்ணி இருக்கும் என்று பயந்து, அவர் கரைமேல் ஓர் இடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாளே மைத்துனரின் ஆட்கள் திடலுக்கென்று புல்லைச் செதுக்கி, சபாமண்டபம் அளவுக்கு மொட்டையடித்து வைத்திருந்த சரிவு அது. பக்கத்தில் நாலு பானைகளும் வரிசையாக இருந்தன.

"ஆடெல்லாம் ஒண்டுது, சாமி," என்று குருந்தாயி சடைமாயனின் காதில் சொன்னாள். "மழை வருது."

சொல்லி வாய் மூடவில்லை, கோடைமழை கொட்டியது. மன்னருக்குக் குடை பிடித்தார்கள். அவர் காலடியில் புல் மழையைக் குடித்துக்கொண்டே இருந்தது, ஒரு சொட்டு சேறு இல்லை. மேலே மொட்டைச் சரிவில் மண் முதலில் வழுவழுத்தது, பிறகு கூழானது, பிறகு நடக்கத் தொடங்கியது. பூவராகரின் நாற்காலிக்கால் நாலும் இறங்கின. அவர் எழ முயன்றதும் முழங்கால்வரை அவரும் இறங்கினார். பானைகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு ஓடையில் விழுந்து உடைந்தன. மணலும் களியும் கரிசலும் செம்மண்ணும் ஒன்றோடொன்று கலந்து, எந்த வகையிலும் சேராமல் ஓடின.

"அரசே, காப்பாற்றுங்கள்," என்றார் பூவராகர்.

குருந்தாயி கயிற்றை வீசினாள். "புடிச்சிக்கிடுங்க சாமி. கெடா கட்டுற கயிறு, அறாது."

நாலு பேர் இழுத்ததில் பூவராகர் தலைமுதல் கால்வரை வெளுத்த மாவு பூசிக்கொண்டு மன்னர் முன்னால் வந்து விழுந்தார். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் குருந்தாயியைப் பார்த்தார். "இந்த மண்ணுக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், அம்மா?"

"பேரெல்லாம் வைக்கல, மகராசா. எங்க வீடுன்னுதான் சொல்லுவோம்."

மன்னர் கரையின் உச்சிப் புல்லை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "புல்வெளி மாவுமண், ஐந்தாம் வகை. இது மேய்ச்சலுக்கே உரியது. ஏரோ மண்வெட்டியோ இதன்மேல் படக்கூடாது. செதுக்கிய இடத்தில் பூவராகரும் அவர் மைத்துனரும் தங்கள் கையால் புல் நட வேண்டும். பானை ஒன்று புதிதாகச் செய்யச் சொல்லட்டுமா, சடைமாயா?"

"வேண்டாம், அரசே. பானைக்குப் போனால் அது வெறும் மாவு. பார்க்க ஆசைப்படுகிறவர் இங்கே வரட்டும்."

குருந்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழையா கண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை.

மன்னர் தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றிச் சடைமாயனுக்குப் போட்டு, பல்லக்கில் இருந்த மாம்பழக் கூடையையும் தந்தார். சடைமாயன் இடையர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பழம் கொடுத்தான். பூவராகரும் பசியோடு கையை நீட்டினார்.

"உங்களுக்கு உங்கள் முறைப்படிதான், ஐயா," என்றான் சடைமாயன். ஒரு பழத்தை எடுத்து, தோலை உரித்து எறிந்தான். சதையைப் பொறுமையாக வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். மிச்சமிருந்த கொட்டையை மழைநீரில் நன்றாகக் கழுவி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான்.

"மேலே இருந்த அழுக்கையெல்லாம் எடுத்துவிட்டேன். இதுதான் சுத்தமான மாம்பழம்."

மன்னர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். அரண்மனை போய்ச் சேரும்வரை அவர் சிரித்துக்கொண்டே இருந்ததாகப் பல்லக்குத் தூக்கிகள் சொன்னார்கள்.