நல்லசிவத்தின் சுண்ணாம்பு வீடு

"என் வீட்டுக்குள்ள சிமென்ட் வரக்கூடாது, மேஸ்திரி."

இப்படிச் சொன்ன மாணவருக்கு வயது அறுபத்திரண்டு. ஆசிரியருக்கு நாற்பத்தொன்று.

மாணவர் நல்லசிவம், கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆசிரியர் சூசை, சுண்ணாம்பு வேலையில் பெயர் எடுத்த கொத்தனார். அவரிடம் இரண்டு ஆண்டுகள் கரணை பிடிக்கக் கற்ற நல்லசிவம், இப்போது தமக்கென ஒரு வீட்டைத் தம் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

செங்கல், சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய நீர். வேறொன்றும் சேர்க்கவில்லை.

சுவர்கள் சன்னல்களின் தலைமட்டம் வரை எழுந்துவிட்டன. சிக்கல் அங்கே தொடங்கியது.

கட்டட அனுமதி ஒரு நிபந்தனையோடு வந்திருந்தது. நிலம் அதிர்ந்தால் வீடு தாங்க வேண்டும். அதற்காக அந்த மட்டத்தில், நான்கு சுவர்களையும் ஒரே சுற்றாகச் சுற்றி, கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஒன்று போட வேண்டும். ஒன்பது நாளில் பொறியாளர் வந்து பார்ப்பார். பட்டை இல்லையென்றால், கூரை போட அனுமதி இல்லை.

"எங்க தாத்தா கட்டின வீடு நூத்திப்பத்து வருஷமா நிக்குது. அதுல எந்தப் பட்டை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"விழுந்துச்சா?"

"விழல."

"அப்புறம்?"

சூசை சாந்தை ஒரு புரட்டுப் புரட்டினார்.

நல்லசிவம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. வெளிப்பக்கமா ஒரு சாண் அகலத்துக்குச் சிமென்ட் பூசிடுவோம். பாக்குறவங்களுக்குப் பட்டை மாதிரியே இருக்கும். இன்ஜினியர் போனதும் சுரண்டி எடுத்துடலாம்."

செங்கல் சுமந்து வந்த பொன்னுத்தாய் அப்படியே நின்றுவிட்டாள்.

"மேஸ்திரி, வாத்தியாரே காப்பி அடிக்காரு!"

"நீ வேலையப் பாரு, பொன்னுத்தாயி."

"எத்தன பிள்ளைகளப் பரீட்சைக் கூடத்துல பிடிச்சிருப்பீங்க. பாவம் அதுக!"

நல்லசிவம் சூசையிடம் திரும்பினார்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லல. இந்தச் சுவத்துக்குள்ள சிமென்ட் போற அன்னிக்கு நான் கரணையைக் கீழ வெச்சிடுவேன். வீடு இப்படியே மொட்டையா நிக்கட்டும்."

அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர். சூசைக்கு அது தெரியும்.

சூசை அவரை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளை வேட்டி. அதன்மேல் இறுக்கிய அகலமான தோல் வார்.

"அந்த வாரக் கழத்துங்க சார்."

"எதுக்கு?"

"நல்லாக் கட்டின வேட்டிக்கு வாரு எதுக்கு?"

நல்லசிவம் வாரைக் கழற்றிச் செங்கல் அடுக்கின்மேல் வைத்தார்.

"வேட்டி நிக்குதா?"

"நிக்குது."

"விழலியே?"

"எப்படி விழும்? அம்பது வருஷமா வேட்டி கட்டுறேன், மேஸ்திரி."

"அப்ப சரி. இந்தச் சாந்துச் சட்டிய எடுத்துக்கிட்டு ஏணியில ஏறுங்க."

நல்லசிவம் ஏறினார். ஒரு கை தோளில் இருந்த சட்டியைப் பிடித்திருந்தது, மற்றது ஏணியை. முதற்படி. இரண்டாம் படி. நான்காம் படியில் நின்று, வென்றவரைப் போலக் கீழே பார்த்தார்.

"பாத்தீங்களா? ஒரு நூல்கூட அசையல."

சூசை ஏணியின் இரு கால்களையும் பற்றினார். ஒரே ஒரு முறை உலுக்கினார்.

வேட்டி நழுவியது.

சட்டியைப் பிடித்திருந்த கை வேட்டிக்குப் பாய்ந்தது. சட்டி தரையில் விழுந்து உருண்டது. அதிலிருந்த சாந்து முழுவதும் ஆசிரியரின் தோளிலும் முதுகிலும் இறங்கியது.

உள்ளே அரைக்கால்சட்டை இருந்தபடியால் மாணவரின் மானம் தப்பியது.

பொன்னுத்தாய் செங்கற்களை முறையாக இறக்கி வைத்தாள். அதன்பிறகே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூசையும் முதுகில் வழிந்த சாந்தோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சொல்லாமக் கொள்ளாம ஏணிய ஆட்டுறதா?" என்று மேலிருந்து கத்தினார் நல்லசிவம்.

"நிலம் சொல்லிட்டா சார் ஆட்டும்?"

"கீழ விழுந்திருப்பேன்!"

"சட்டிதானே விழுந்துச்சு. அத ஏன் விட்டீங்க?"

"வேட்டி அவுந்தாப் பிடிக்க வேண்டாமா?"

"பிடிக்கணும் சார், பிடிக்கணும். உங்களுக்குக் கை இருக்கு."

நல்லசிவம் வேட்டியைப் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

ஏணியின் நான்காம் படியிலிருந்து பார்த்தால் வீடு முழுவதும் தெரிந்தது. வடக்குச் சுவர். கிழக்குச் சுவர். தெற்குச் சுவர். மேற்குச் சுவர். நான்கும் அவர் கையால் எழுந்தவை. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து, மயிரிழை பிசகாமல் எழுப்பியவை.

நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். மூலைகளைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். ஏணி ஆடும் அளவுக்குச் சிரித்தார். சூசை மறுபடியும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மேஸ்திரி."

"சொல்லுங்க சார்."

"பட்டையில மூலைக்கு மூலை கம்பி எவ்வளவு தூரம் திரும்பணும்?"